நிர்வாகி என்பது ஓர் ஆள் அல்ல

ஜூன் 9, திங்கள்

இன்று ஆபீஸ் போனேன். லீவு ஜூலை கடைசி வரை இருக்கிறது. வீட்டுக்காரர் பூபதி பாலிடெக்னிக் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு பத்து மணிக்குள் வீட்டு வேலை எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

என் மேசையில் பழைய பிரிண்டர் ஒன்றை வைத்திருந்தார்கள். எடுத்துக் கீழே வைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். ரிசப்ஷனில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போல.

"மெட்டர்னிட்டி லீவு முடிஞ்சுதுங்களா மேடம்? பாப்பாவை யாருங்க பாத்துக்கறாங்க?"

"வீட்டுல பாத்துக்கறாங்க" என்றேன். அப்படிச் சொல்வது சுலபமாக இருந்தது.

மேலாளர் முரளிதரன் சார் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். எங்கள் கம்பெனி செய்வது இரத்த வங்கிகளுக்கான மென்பொருள். அதில் வரும் தமிழ் எல்லாம் என் பொறுப்பு. மென்பொருளைக் கணினியில் நிறுவும்போது கடவுச்சொல் கேட்டு இரண்டு திரைகள் வரும். அவற்றின் வாசகத்தைத் திருத்த வேண்டுமாம்.

"சின்ன வேலைதான் அம்சவேணி. அவசரமில்ல. மெதுவாப் பண்ணுங்க."

உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசும் குரலில் சொன்னார்.

ஜூன் 10, செவ்வாய்

கேஸ் தீர்ந்துவிட்டது. புக் பண்ணினேன். மதியம் தயிர் சாதம்.

ஜூன் 12, வியாழன்

சப்போர்ட்டில் இருக்கும் இர்ஃபானிடம், மூன்று மாதமாக வந்த அழைப்புகளின் பட்டியல் கேட்டேன். பத்தில் நான்கு அழைப்புகள் அந்த இரண்டு திரைகளைப் பற்றித்தான். ஒன்று விடாமல் படித்தேன். படிக்கும்போது வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. அது வசதி.

முதல் திரையில் இருப்பது: "நிர்வாகி கடவுச்சொல்லை உள்ளிடவும்."

இரண்டாவது திரை: "பயனர் கடவுச்சொல்லை உள்ளிடவும்."

அவ்வளவுதான். கீழே ஒரு கட்டம், ஒரு பொத்தான்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: "கடவுச்சொல் எங்களுக்கு நீங்க குடுக்கவே இல்லையே, எதைங்க போடறது?" திண்டுக்கல்லில் ஒருவர் இரண்டு திரையிலும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார். கரூரில் ஓர் அம்மா, கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். ஒன்றும் ஆகாது என்று எங்கள் ஆள் பதில் சொல்லியிருக்கிறான். அது தவறு. காலியாக விட்டால் நிர்வாகி கணக்கே முடங்கிவிடும். அடுத்த திரையில் பெயர் கொடுப்பவருக்கு அந்த அதிகாரம் முழுவதும் போய்விடும். அதை எங்கேயும் நாங்கள் சொல்லவில்லை.

பட்டியலில் மே 18 ஞாயிற்றுக்கிழமை ஒரே எண்ணிலிருந்து பதினான்கு அழைப்புகள். அவற்றுக்கு எதிரே குறிப்பு எதுவும் இல்லை.

"இது என்ன இர்ஃபான்?"

அவன் திரையைப் பார்த்தான். "அது சாரைத்தான் கேக்கணும் மேடம்" என்றான்.

ஜூன் 13, வெள்ளி

இர்ஃபான் டீ குடிக்கும் இடத்தில் அவனாகவே வந்து சொன்னான். இத்தனை நாளாக அதைச் சொல்ல ஆள் தேடியிருப்பான் போல.

தாராபுரம் தாண்டி ஒரு சிற்றூர். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. (பெயரை இங்கே எழுதவில்லை.) மே 18 அன்று பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, குழந்தை பிறந்த பிறகு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். வங்கியில் இருந்தது ஒரே ஒரு பை. உடனே கொடையாளர்களைக் கூப்பிட வேண்டும். கொடையாளர்களின் போன் எண்கள் நிர்வாகி கணக்கில் மட்டும்தான் திறக்கும். நிர்வாகி கணக்கின் கடவுச்சொல் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

"நான்தான் அன்னிக்கு டியூட்டி மேடம். இங்க இருந்து ரீசெட் பண்ணிடலாம். ஆனா சார் ஓகே சொல்லாம பண்ணக் கூடாது. சார் ஒரு கல்யாணத்துல இருந்தாரு. போன் எடுக்கல. நானும் ரூல்னு ரூலைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நாப்பது நிமிஷம்."

கடைசியில் கோயமுத்தூரிலிருந்து ஆம்புலன்ஸில் இரத்தம் போயிருக்கிறது. அதற்குள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வயது. முதல் பிரசவம்.

"பட்டியலைத் திறந்தப்புறம் பாத்தேன் மேடம். ஓ நெகட்டிவ்ல பதினோரு பேரு. அதுல ஒருத்தரு வீடு ஆஸ்பத்திரிக்கு நாலு தெரு தள்ளி."

"குழந்தை?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கு மேடம். பொம்பளப் புள்ள."

டீ ஆறிவிட்டது. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜூன் 14, சனி

அரை நாள் ஆபீஸ். அந்த வாசகத்தை யார் எழுதியது என்று பழைய கோப்பில் தேடினேன். தேட வேண்டியதில்லை. எனக்குத் தெரியும்.

ஜனவரி 24, மாலை ஐந்து பத்து. என் பெயர். லீவுக்கு முன் எனக்குக் கடைசி நாள். முதலில் நான் எழுதியிருந்தது ஐந்து வரி. கட்டத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம் என்று புரோகிராமர் சொன்னதும், ஐந்தையும் அழித்துவிட்டு ஒன்று எழுதியிருக்கிறேன். அன்று கால் வீங்கியிருந்தது. பூபதி கீழே வண்டியில் காத்திருந்தார். எல்லாருக்கும் லட்டு வாங்கி வந்திருந்தார். அதை மேசை மேசையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன்.

ஜூன் 16, திங்கள்

முரளிதரன் சார் ஒரு கடிதம் காட்டினார். ஆஸ்பத்திரியில் விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். இரத்த வங்கி டெக்னீஷியன் ஒருவர் மீது. மென்பொருளை நிறுவியது அந்தப் பெண்தான். எங்களிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் விளக்கத்தைச் சார் தயார் செய்திருந்தார். 'நிறுவும்போது தோன்றும் வாசகங்கள் தெளிவானவை. நிறுவியவரின் கவனக்குறைவே காரணம்.' கீழே கையெழுத்துக்கு இடம். அதன் அடியில் என் பெயர்.

"எழுதினவங்களே சொன்னா வெயிட்டா இருக்கும். முப்பதாம் தேதிக்குள்ள அனுப்பணும். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"அப்ப இந்தத் திரையைத் திருத்தச் சொன்னது?"

"அது அடுத்த வெர்ஷனுக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

தண்ணீர் வந்தது. பிடித்தேன்.

ஜூன் 18, புதன்

சாப்பிட்டு முடித்ததும் பழைய திரையை ஒரு தாளில் எழுதிப் பூபதியிடம் கொடுத்தேன். பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் பார்த்துக்கொள்கிறவர். லேத் மிஷினில் தலைமுடி கனத்துக்கு வித்தியாசம் வந்தாலும் கண்டுபிடிப்பார்.

"உங்க காலேஜ் கம்ப்யூட்டர்ல இப்படி வந்தா என்ன மாமா பண்ணுவீங்க?"

படித்தார். "நிர்வாகி கடவுச்சொல். பிரின்சிபால்கிட்டப் போயி நிப்பேன்."

"எதுக்கு?"

"நிர்வாகி அவருதான? அவரோட பாஸ்வேர்டு எனக்கெப்படித் தெரியும்?"

அதைத்தான் நான் ஐந்து மாதமாக யோசிக்கவே இல்லை. நிர்வாகி என்றால் எனக்குக் கணினிக்குள் இருக்கும் ஒரு கணக்கு. மற்றவர்களுக்கெல்லாம் அது ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

"எதுக்குக் கேக்கற?" என்றார் பூபதி.

"ஆபீஸ் வேலை."

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இப்படித்தான் இருக்கிறோம். அவர் வாயெடுப்பார், நான் எழுந்துவிடுவேன். ஜனவரி 30க்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தது நான்கு முறை. நான்கு முறையும் எனக்கு வேறு வேலை இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

ஆபீஸில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அந்த ஊருக்குப் போனேன். பல்லடம் தாண்டியதும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஏன் போகிறேன் என்று ஒரு காரணம் யோசித்து வைத்துக்கொண்டேன். புதிய வாசகம் எழுத, நிறுவியவரைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

டெக்னீஷியன் பெயர் சகாயமேரி. முப்பத்தைந்து வயது இருக்கும். வங்கி வேலையிலிருந்து அவரை நீக்கி, ஸ்டோரில் பஞ்சும் கையுறையும் எண்ண வைத்திருக்கிறார்கள். கம்பெனி பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார். பயப்படுகிறவர் எழுந்து நிற்பது போல இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல எழுந்திருப்பது போல.

"நான் ஒழுங்காத்தான் படிச்சேன் மேடம். அவசரப்படல. ஒவ்வொரு திரையா நோட்டுல எழுதிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனேன்."

நோட்டைக் காட்டினார். நான் எழுதிய அந்த ஒரு வரி, அவர் கையெழுத்தில், முத்து முத்தாக இருந்தது.

"நிர்வாகி கடவுச்சொல்னு இருந்துச்சு. இங்க நிர்வாகின்னா ஆஸ்பத்திரிய நடத்தற நிர்வாகி சிஸ்டர் மேடம். போர்டுலயே அப்படித்தான் போட்டிருக்கும். அவங்களோட பாஸ்வேர்டை நான் எப்படிப் போடறது? தப்பில்லையா? அதனால போயி சிஸ்டரைக் கூட்டிட்டு வந்தேன். சிஸ்டர் என்னை அந்தப் பக்கம் திரும்பிக்கச் சொன்னாங்க. திரும்பிக்கிட்டேன். அவங்க டைப் பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"சிஸ்டர் இப்ப எங்க?"

"ஏப்ரல்லயே மாத்தலாகி ஜார்க்கண்டுப் பக்கம் போயிட்டாங்க. அங்க டவரே கிடைக்காது. ரெண்டு நாள் கழிச்சுத்தான் லைன்ல வந்தாங்க. என்ன போட்டேன்னு அவங்களுக்கும் ஞாபகமில்ல. கேட்டுச்சேன்னு ஏதோ போட்டேன்னாங்க."

பழைய கொடையாளர் நோட்டு கணினி வந்ததும் பரணுக்குப் போய், கரையான் அரித்துவிட்டதாம். எட்டு வருட வேலை. வேறு ஒரு தவறும் அவர் பெயரில் இல்லை. விசாரணை ஜூலை 3.

"கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்கன்னா வேற எந்த பிளட் பேங்க்லயும் எடுக்க மாட்டாங்க மேடம். எனக்கு வேற வேலை தெரியாது." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அந்தப் பொண்ணு கோகிலவாணிய நான் போயி பாத்தேன். அது என்னை ஒண்ணுமே சொல்லல. சொல்லிருந்தா நல்லாருந்திருக்கும்."

அந்த வரியை யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் இரண்டு பேருந்து மாறிப் போனேன் என்று திரும்பி வரும்போது தெரிந்தது.

ஜூன் 23, திங்கள்

நாள் முழுவதும் எழுதினேன். அழித்தேன்.

'நிர்வாகி' வேண்டாம். 'முதன்மைக் கணக்கு' என்று வைத்தேன். 'உள்ளிடவும்' வேண்டாம். உள்ளிடவும் என்றால் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுவா என்று அர்த்தமாகிறது. இங்கே ஒன்றும் இல்லை. இப்போதுதான் உருவாக்க வேண்டும். அந்த ஒரு வினைச்சொல்லால் மட்டும் நூறு அழைப்பு வந்திருக்கிறது.

புரோகிராமர் மறுபடியும் இரண்டு வரிக்குத்தான் இடம் என்றார்.

"இடத்தைப் பெருசு பண்ணுங்க" என்றேன்.

"டிசைன் கெட்டுப் போயிரும் மேடம்."

"கெட்டுப் போகட்டும்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

புதிய வாசகத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்து மெடிக்கல் ஷாப்காரரிடம் போனேன். பக்கத்து லேபில் இரத்தம் எடுக்கும் பெண்ணிடமும், ஆபீஸ் கூட்டும் ருக்மணியக்காவிடமும் காட்டினேன். யாருக்கும் எதுவும் விளக்கவில்லை. படித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

மெடிக்கல் ஷாப்காரர் 'முதன்மைக் கணக்கு' என்றதும் பேங்கா என்றார். ருக்மணியக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இந்த வார்த்தைய மறந்துட்டா உங்களாலயும் கண்டுபுடிக்க முடியாதுங்களா? அப்ப அதைய முதல்லயே சொல்லோணுமுங்க சாமி. கடைசில சொன்னா எவன் படிப்பான்?" என்றார்.

அந்த எச்சரிக்கையை மேலே மாற்றினேன்.

ஜூன் 26, வியாழன்

முடிந்தது. முதல் திரை இப்போது இப்படி:

'கவனிக்கவும்: இங்கே நீங்கள் உருவாக்கும் கடவுச்சொல்லை மறந்தால் அது என்னவென்று எங்களாலும் சொல்ல முடியாது. எழுதி, பூட்டிய இடத்தில் வைக்கவும். அது இருக்கும் இடம் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மென்பொருளில் எல்லாவற்றையும் திறக்கவும், மாற்றவும், அழிக்கவும் ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் முதன்மைக் கணக்கு. அது ஓர் ஆள் அல்ல. உங்கள் நிறுவனத்தின் தலைவரையோ மேலாளரையோ குறிப்பது அல்ல. கொடையாளர்களின் போன் எண்கள் இந்தக் கணக்கில்தான் இருக்கும். அவசர நேரத்தில் பணியில் இருப்பவரால் இதைத் திறக்க முடிய வேண்டும்.

முதன்மைக் கணக்குக்கு ஒரு புதிய கடவுச்சொல்லை இப்போது உருவாக்குங்கள்.

இதைக் காலியாகவும் விடலாம். விட்டால், முதன்மைக் கணக்கு தனியாக இருக்காது. அடுத்த திரையில் நீங்கள் தொடங்கும் கணக்கே எல்லாவற்றையும் திறக்கும்.'

ஏழு பேரிடம் காட்டினேன். ஏழு பேரும் சரியாகச் செய்தார்கள். மென்பொருளில் சேர்த்தாகிவிட்டது. இர்ஃபான் இரண்டு முறை நிறுவிப் பார்த்தான். "இது முன்னாடியே இருந்திருந்தா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். கை மரத்துப்போய் உட்கார்ந்திருந்தால் ஊசி குத்துவதும் தெரியாதே, அது மாதிரி இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன அம்சவேணி?"

"அது தெளிவா இல்ல சார். நான்தான எழுதினேன். எனக்குத் தெரியும்."

முரளிதரன் சார் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாருங்க. நீங்க ஒரு பெரிய துக்கத்துல இருந்து வந்திருக்கீங்க. இப்ப எல்லாத்தையும் உங்க மேல இழுத்துப் போட்டுக்கத் தோணும். நாப்பது ஆஸ்பத்திரி நம்ம சாஃப்ட்வேர் வெச்சிருக்கு. நம்ம தப்புன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு இங்க இருபத்தஞ்சு பேருக்கு வேலை இருக்காது. அந்தம்மாவுக்கு ஒரு மெமோவோட போயிரும்."

"போகாதுங்க சார். வேலை போயிரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போயி கேட்டேன்."

அவர் எழுந்துவிட்டார். கடிதத்தில் அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பப் போவதாகச் சொன்னார். துக்கம் என்ற வார்த்தையை ஆபீஸில் ஒருவர் சொன்னது இதுதான் முதல் முறை. அதைச் சொன்னவர் இவராக இருந்திருக்க வேண்டாம்.

ஜூலை 1, செவ்வாய்

துவைத்தேன். மழை. கொடியை உள்ளே கட்டினேன்.

ஜூலை 3, வியாழன்

காலை ஏழு மணிப் பேருந்து. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வாசலில் நின்று, உள்ளே போகலாமா என்று கேட்டேன். கேட்டால் விடுகிறார்கள்.

குழுவில் மூன்று பேர். ஆஸ்பத்திரியின் தலைவரான வயதான ஃபாதர், ஒரு டாக்டரம்மா, வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒருவர். சகாயமேரி மேசைக்கு எதிரே, நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது. கம்பெனிக்காகத் தனக்கு எதிராகப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ஃபாதர் கையில் எங்கள் கடிதம். "உங்க கம்பெனி தெளிவா இருந்துச்சுன்னு எழுதியிருக்கு. நீங்க அதுக்கு மேல என்னம்மா சொல்லணும்?"

"அந்த வரியை எழுதினது நான்தான் ஃபாதர்" என்றேன். சகாயமேரி பக்கம் பார்க்கவில்லை.

கொண்டு போயிருந்த தாள்களை மூவருக்கும் கொடுத்தேன். பழைய திரை, அப்படியே. "இது உங்க முன்னாடி வந்தா என்ன பண்ணுவீங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் நான் சொல்லல."

டாக்டரம்மா, "என் பாஸ்வேர்டையே போட்டுருப்பேன்" என்றார். வெளியூர்க்காரர் கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிடுவேன் என்றார். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டாவது முறை படித்தார்.

"நிர்வாகி சிஸ்டரைத்தான் கூப்பிட்டிருப்பேன்" என்றார்.

"அவங்களும் அதைத்தான் ஃபாதர் பண்ணாங்க. அந்தத் திரை சொன்னதை அப்படியே பண்ணது அவங்க ஒருத்தங்கதான்."

டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைச் சொல்ல உங்க கம்பெனி அனுப்பிச்சாங்களா?"

"இல்லைங்க."

பிறகு ஜனவரி 24 அன்று நான் அழித்த ஐந்து வரிகளையும் படித்துக் காட்டினேன். ஏன் அழித்தீர்கள் என்று கேட்டார்கள். இடம் இல்லை என்றேன். அது உண்மை. வீட்டுக்குப் போகும் அவசரம் என்றும் சொன்னேன். அதுவும் உண்மை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். அரைமணி நேரம் கழித்துச் சகாயமேரி வந்தார். வங்கிக்கே திரும்பப் போகச் சொல்லிவிட்டார்களாம். என் எதிரே வந்து நின்று, அடிப்பார் என்று நினைத்தேன், நோட்டைத்தான் நீட்டினார்.

"முதல்லயே சொல்லிருக்கலாம்ல மேடம்? அன்னிக்கு வந்தப்பவே?"

"சொல்லிருக்கணும்."

"நாப்பத்தஞ்சு நாளா எனக்குத் தமிழ் படிக்கத் தெரியலையோன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

நோட்டை வாங்கி, அந்த வரியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அவரே பேருந்து நிறுத்தம் வரை வந்தார்.

ஜூலை 4, வெள்ளி

ராஜினாமா எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நான்கு வரி. திருத்த எதுவும் இருக்கவில்லை. ருக்மணியக்கா என் டிபன் பாக்ஸைக் கழுவிக் கொடுத்தார்.

பூபதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணை, வேலை, கோகிலவாணி. அவர் கேட்டுவிட்டு, "சரி" என்றார். பிறகு, "நல்லது பண்ணுன" என்றார். அவர் இன்னும் பேசியிருப்பார். குக்கர் விசில் வந்தது.

ஜூலை 17, வியாழன்

சகாயமேரி போன் செய்தார். புதிய வெர்ஷன் வந்துவிட்டதாம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஒவ்வொரு வரியாக எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டே நிறுவினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. 'அது ஓர் ஆள் அல்ல' என்ற இடத்தில் மட்டும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எழுதி கவர்ல போட்டு ஒட்டியாச்சு மேடம். ஒண்ணு ஃபிரிட்ஜ் ரூம் லாக்கர்ல, ஒண்ணு டாக்டரம்மாகிட்ட."

முடிந்ததும், "கோகிலவாணி உங்களைப் பாக்கணும்னு சொல்லுச்சு" என்றார். "ஃபாதர் விஷயத்தைச் சொல்லிட்டாரு."

ஜூலை 20, ஞாயிறு

போகவில்லை. தலைவலி.

ஜூலை 27, ஞாயிறு

இன்று போனேன்.

விசைத்தறி ஓடும் தெரு. ஞாயிறு என்பதால் சத்தம் இல்லை. கோகிலவாணி கதவருகே பாயில் உட்கார்ந்து குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு. அவளுடைய மாமியார் எனக்கு மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று பேருந்தில் எழுதிப் பார்த்த வாக்கியம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அந்தத் திரையில எழுதினது நான்தாம்மா. சரியா எழுதியிருந்தா உனக்கு அன்னிக்கு ரத்தம் கெடச்சிருக்கும்."

"தெரியுமுங்க்கா. ஃபாதர் சொன்னாரு."

"உனக்குக் கோபம் இல்லையா?"

அவள் சட்டையின் பித்தானைப் போட்டு முடித்தாள். "இருக்குதுங்க. ராத்திரி பகலா இருக்குது. யாரு மேலன்னு தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரியுது. அதுக்குத்தான் வரச் சொன்னேன். உங்க மூஞ்சியப் பாக்கோணும்னு."

பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குழந்தை நடுவில் ஏதோ சத்தம் போட்டது. அவள்தான் முதலில் பார்வையை எடுத்தாள்.

"சித்த புடிங்க. தண்ணி குடிச்சுட்டு வர்றேன். இப்பல்லாம் எந்திரிச்சா இடுப்பு புடிச்சுக்குது."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து போனாள். இரண்டு மாதம். கனமாக இருந்தது. சூடாக இருந்தது. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்குக் கை வலித்தது. மரத்துப்போனது அல்ல, நிஜமான வலி. முழங்கையிலிருந்து தோள் வரை.

அவள் திரும்பி வந்து என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏனுங்க்கா அழுகறீங்க? உங்களுக்குக் கொழந்தைங்க?"

வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லத்தான் வாய் திறந்தது.

"ஒரு பொண்ணு. ஜனவரி முப்பது. ஒம்பது மாசம் இருந்தா. பொறக்கறதுக்கு முந்தின நாளே உள்ள எறந்துட்டா. எறந்துதான் பொறந்தா."

இப்படி, முழு வாக்கியமாக, நான் யாரிடமும் சொன்னதில்லை.

கோகிலவாணி பாயில் உட்கார்ந்தாள். குழந்தையைத் திரும்ப வாங்கவில்லை. என் கையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகு கேட்டாள்.

"பேரு வெச்சீங்களா?"

"வைக்கல."

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது பூபதியைக் கூப்பிட்டேன்.

"மாமா, நம்ம பொண்ணுக்கு ஒரு பேரு வெக்கோணும்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"வெச்சாச்சு வேணி" என்றார். "அன்னிக்கு மயானத்துல ரெஜிஸ்டர்ல எழுதறப்ப, இந்த மாதிரிக் கொழந்தைக்குப் பேரு கட்டாயமில்லைங்கன்னாங்க. எனக்கு மனசு வரல. நான் சொன்னேன், அவங்க எழுதிக்கிட்டாங்க. உங்கிட்டச் சொல்ல நாலு தடவை வந்தேன்."

"என்ன பேரு?"

"பூங்கோதை."

பேருந்து வந்தது. ஏறவில்லை. அடுத்ததற்கு நின்றேன். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். சொன்னார்.